பெயரறிந்தவருக்கு இடம் எங்கே?

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னை மாநகரம் வெள்ளக்காடாகியபோது, நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை வீட்டு மாடியிலிருந்து வான்படையின் ஹெலிகாப்டர் தூக்கிச் சென்ற காட்சியை நாடே கண்டது. கண்டவர் கண் கலங்கினர். தூக்கிய வீரரின் துணிவைப் புகழ்ந்தனர். நாமும் புகழ்கிறோம், மனமாரப் புகழ்கிறோம். ஆனால் புகழ்ந்து முடித்த பிறகு ஒரு கேள்வி நெஞ்சில் எழுகிறது. எழும் கேள்வியை அடக்கிக்கொள்ள நாம் பழகியவர்கள் அல்லர்.

வெள்ளத்திலும் புயலிலும் சிக்கிக்கொள்ளும் கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது என்பது, மழை கொட்டிய அன்றைக்கா தெரிகிறது? இல்லை! ஏழெட்டுத் திங்களுக்கு முன்பே தெரியும். யாருக்குத் தெரியும்? மேகத்துக்குத் தெரியாது. மேலதிகாரிக்குத் தெரியாது. கோட்டைக்குத் தெரியாது. தில்லிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். தெருத்தெருவாய் நடந்து, படிப்படியாய் ஏறி, எந்த வீட்டில் எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள், எந்த நாளில் பேறு எதிர்பார்க்கப்படுகிறது, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று ஏட்டிலே எழுதி வைத்திருக்கிறாரே, அந்த நர்சம்மாவுக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர் என்று அரசாணை அவரை அழைக்கிறது. பொதுச் சுகாதாரச் செவிலியர் என்று உலகம் அழைக்கிறது.

ஊரிலே யார் யார் இருக்கிறார், யாருக்கு என்ன தேவை என்று பெயர் சொல்லத் தெரிந்த இவருக்கு, பேரிடர் வரும்போது எங்கே இடம்? திட்டம் தீட்டும் மேசையருகே இடம் உண்டா? இல்லை! திட்டம் தீட்டி முடித்த பிறகு, வேலை ஏவப்படும் கடைசி வரிசையிலேதான் இடம். இதைத்தான் இன்று கேட்க வந்திருக்கிறோம்.

பேரிடர் ஒரே அடியாக அடிப்பதில்லை. இரண்டு அடியாக அடிக்கிறது. முதல் அடி நீரால், காற்றால், நிலநடுக்கத்தால் வருகிறது. அதைக் கண்ணால் காணலாம், படம் பிடிக்கலாம், பார்வையிட அமைச்சர்கள் வரலாம். இரண்டாவது அடி ஓசையின்றி வருகிறது. குடிநீர்க் குழாயிலே கலந்து வருகிறது. முகாமின் நெரிசலிலே மூச்சோடு மூச்சாக வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலே, காலின் வெடிப்பு வழியே வருகிறது. முதல் அடியைத் தடுக்க மனிதனால் முழுதும் முடிவதில்லை. இரண்டாவது அடியைத் தடுக்க முடியும். முடியும் என்பது ஆசை அல்ல, வரலாறு.

1854ஆம் ஆண்டு, கிரிமியப் போரிலே காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர்கள் ஸ்குடாரி மருத்துவமனையிலே குவிக்கப்பட்டனர். குண்டு பாய்ந்து மாண்டவரைவிடக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் நச்சுக் காய்ச்சலாலும் மாண்டவரே மிகுதி. 1855இல் கழிவுநீர்க் கால்வாய்கள் துப்புரவு செய்யப்பட்டு, காற்றோட்டம் சீராக்கப்பட்ட பிறகே சாவின் வேகம் தணிந்தது. அந்தப் பாடத்தை எண்களாக்கி, வரைபடமாக்கி, ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே நீட்டியவர் ஃபுளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவரை 'விளக்கேந்திய மங்கை' என்று வாழ்த்துகிறவர்கள், அவர் கணக்கேந்திய மங்கையும் ஆவார் என்பதை மறந்துவிடுகிறார்கள். விளக்கு ஒரு கட்டிலுக்கு ஒளி தந்தது. கணக்கோ ஒரு படையையே காப்பாற்றும் வழியைக் காட்டியது!

1893இல் நியூயார்க் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலே, நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், நோயாளியின் வீட்டுக்கே செவிலியர் செல்லும் முறையைத் தொடங்கிய லில்லியன் வால்டு அம்மையார்தாம் 'பொதுச் சுகாதாரச் செவிலியர்' என்ற பெயரையே வழங்கியவர். பெயர் அங்கே பிறந்தது. பணி நம் மண்ணிலும் வேர்விட்டது. நீதிக்கட்சி ஆட்சி நடந்த காலத்திலே, 1922இல், சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலே அத்தகைய முதற் சட்டம் அதுவே. நோய் வந்தபின் மருந்து தருவது ஒரு துறை, நோய் வராமல் காப்பது மற்றொரு துறை என்று பிரித்து வைத்த தெளிவு, இந்த மண்ணின் தெளிவு. அந்தத் தெளிவின் கடைக்கோடி வேர்தான் துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது விதி. தமிழகம் முழுவதும் 8,700க்கு மேற்பட்ட துணை நிலையங்கள்! ஒவ்வொன்றின் பொறுப்பும் ஒரு பெண்ணின் தோளிலே!

அந்தத் தோளின் வலிமையை நாடு அறிந்த நாள் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவை அடுத்த கடலடியிலே நிலம் நடுங்கிற்று. சில மணி நேரத்திலே தமிழகக் கரையிலே ஆழிப்பேரலை பாய்ந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000க்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தவர். கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் வேளாங்கண்ணியும் கண்ணீர்க் கடலாயின. தெய்வக் குற்றம் என்றார் சிலர். தலைவிதி என்றார் சிலர். தலைவிதி என்று சொல்லிவிட்டுத் தரையிலே அமர்ந்துவிட்டால், செய்யவேண்டிய வேலையை யார் செய்வது?

அன்று ஊரெங்கும் பரவிய அச்சம் ஒன்று உண்டு: 'பிணங்களால் கொள்ளைநோய் வரும்' என்பது. மருத்துவ அறிவு என்ன சொல்கிறது? அலையிலும் இடிபாட்டிலும் மாண்டவரின் உடல், கொள்ளைநோயின் ஊற்று அல்ல. உயிர் பிழைத்தவர்கள், நல்ல தண்ணீரின்றி, கழிப்பிடமின்றி, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலே நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துத் தங்குகிறார்களே, அங்கேதான் நோய்க்கு வாயில் திறக்கிறது. ஆகவே கவனம் செல்லவேண்டியது முகாமுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, தடுப்பூசிக்கு.

சென்றது. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் நாகைக்கு விரைந்தனர். தண்ணீரிலே குளோரின் கலக்கப்பட்டது. கலந்தது போதுமா என்று நாள்தோறும் சோதிக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. கடலூர் மாவட்டத்திலே தட்டம்மை தலைகாட்டியதும் உண்டு. தலைகாட்டியதைத் தலைதூக்க விடவில்லை. அத்தனை பெரிய அழிவுக்குப் பிறகும், தமிழகக் கரையிலே பெரும் கொள்ளைநோய் எழவில்லை. எழாத நோய்க்கு எவர் விழா எடுக்கிறார்? மாண்டவரைக் கணக்கிடலாம், மாளாமல் காக்கப்பட்டவரை யார் கணக்கிடுவது? அந்தக் கணக்கிலே அடங்காத உயிர்களே பொதுச் சுகாதாரச் செவிலியர் ஈட்டிய செல்வம். கண்ணுக்குத் தெரியாத செல்வம் ஆகையால், காரியாலயத்துக் கண்ணுக்கும் தெரியாமற் போய்விட்டது!

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தது. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வந்தது. சேற்றிலே இறங்கி வீட்டைக் கழுவியவருக்கும், மற்றவர் வீட்டைக் கழுவித் தரச் சென்ற தொண்டருக்கும் வந்தது. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை, வாரம் ஒருமுறை. விலை மலிவு. ஆனால் மாத்திரை பெட்டியில் இருந்தால் நோய் ஓடிவிடுமா? சேற்றில் இறங்குமுன் விழுங்க வேண்டும். விழுங்க வைக்க ஒருவர் வீடுதேடிச் செல்ல வேண்டும். 'எனக்கு ஒன்றும் வராது' என்று மார்தட்டுகிறவரிடம் வாதாட வேண்டும். அந்த வாதத்திலே வெல்வது யார்? நேற்று வந்த அந்நியரா? பத்தாண்டுகளாக அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஊசி போட்டவரா? நம்பிக்கை என்பது பேரிடர் நாளிலே வாங்கக் கிடைக்கும் சரக்கு அல்ல. பேரிடர் இல்லாத நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்க்கவேண்டிய பொருள்.

அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னை சாய்ந்ததை ஏடுகள் எழுதின, எழுதவேண்டியதே. மின்கம்பம் சாய்ந்ததையும் எழுதின. மின்சாரம் போனால் வீட்டிலே விளக்கு அணையும். ஆரம்ப சுகாதார நிலையத்திலே என்ன ஆகும்? தடுப்பூசி மருந்து 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரிலே இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் பனி உருகிவிட்டால் மருந்து வீணாகும். எந்த மருந்து நல்லது, எது கெட்டது என்று குப்பியின் மீதுள்ள குறியைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் செவிலியர். பனிக்கட்டி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரம் விழுந்த சாலையிலே நடக்கிறவரும் அவரே. இதெல்லாம் எந்தப் படத்தில் வந்தது? எந்த விருதுப் பட்டியலில் ஏறியது?

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கு இராது. பேரிடரிலும் சாதி மாள்வதில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு, முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒதுக்கப்பட்டனர் என்ற செய்திகள் 2005இல் வெளிவந்தன. வெட்கத்தால் தலை குனிகிறோம். ஆனால் அரிசி மூட்டையைத் தெருப் பார்த்து இறக்கலாம். தடுப்பூசியைத் தெருப் பார்த்துப் போட முடியாது! ஒரு தெருவை விட்டுவிட்டால், அத்தெருவிலே முளைத்த தட்டம்மை ஊர்ப் பொதுவாகிவிடும். ஆகவே அக்கிரகாரத்துக்கும் அவர் போயாக வேண்டும். சேரிக்கும் போயாக வேண்டும். மீனவர் குப்பத்துக்கும் போயாக வேண்டும். மேடையேறாமலே சமத்துவம் பேசும் ஏடு ஒன்று உண்டென்றால், அது ஒரு வீட்டையும் விடாமல் எழுதப்பட்ட செவிலியரின் பதிவேடுதான்.

இனி, சட்டத்துக்கு வருவோம். ஆழிப்பேரலை அடித்து ஓராண்டு ஆவதற்குள், 2005ஆம் ஆண்டு டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அதன் 25ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஓர் ஆணையத்தை வகுத்தது. யார் யாருக்கு இடம்? மாவட்ட ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலர். காவல்துறைக் கண்காணிப்பாளர். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர். இவர்களுக்கு மேல், மாவட்ட நிலையிலுள்ள வேறு அலுவலர்கள் இருவர் வரை. ஆக ஏழு நாற்காலிகள். அடிதடிக்குக் காவலர் உண்டு. அறுவைக்கு மருத்துவர் உண்டு. நோய் வராமல் காப்பவருக்கு? பெயர் சொல்லி எழுதப்பட்ட நாற்காலி ஒன்றும் இல்லை!

அன்பர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு நாற்காலிகளை நிரப்பும் உரிமை யாருக்கு? மாநில அரசுக்கு! அதைத்தான் சட்டமே சொல்கிறது. பொதுச் சுகாதாரம் அரசியலமைப்புச் சட்டத்திலே மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே இதற்காகத் தில்லியின் வாயிலிலே மனுவோடு காத்துக் கிடக்கத் தேவையில்லை. மாநில உரிமைக்காக மேடைதோறும் முழங்குகிற நாம், கையிலே இருக்கிற உரிமையை எடுத்துக் கையாளாவிட்டால், கேட்கிற உரிமையை யார் மதிப்பார்? கிராம சுகாதார செவிலியராகப் பணி தொடங்கி, பகுதி செவிலியராய், சமுதாயச் செவிலியராய் உயர்ந்து, மாவட்டத் தாய் சேய் நல அலுவலர் என்ற பொறுப்பை எட்டியவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தின் துணை நிலையங்களெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த நாற்காலிகளில் ஒன்று அவர்களுக்கு என்று ஓர் ஆணை பிறப்பிக்க எத்தனை நாள் ஆகும்?

'மருத்துவ அலுவலர்தான் இருக்கிறாரே, செவிலியர் எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். மருத்துவர் வேண்டும், யார் வேண்டாமென்றார்? ஆனால் மருத்துவமனை என்பது, வந்தவரைக் கவனிக்கும் இடம். பேரிடரிலே வர முடியாதவர்தாம் மாள்கிறார். படுக்கையில் கிடக்கும் முதியவர் வர முடியாது. இன்சுலின் தீர்ந்துபோனவர் இடுப்பளவு நீரிலே நடந்து வர முடியாது. காசநோய் மாத்திரையை வெள்ளத்தில் பறிகொடுத்தவர் வரமாட்டார். நோய் முற்றிய பிறகே வருவார். வராதவரின் முகவரி யாரிடம் இருக்கிறதோ, அவர் மேசையருகே இருக்க வேண்டும்.

'மீட்புப் படை வருமே!' என்பாரும் உண்டு. வரட்டும்! அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வருகிறது, படகோடு வருகிறது, பயிற்சியோடு வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடிச் சீமை தீவுகளாகச் சிதறியபோது, படகின் அருமை தெரிந்தது. ஆனால் படகு எந்தப் பக்கம் முதலில் திரும்ப வேண்டும்? எந்த வீட்டில் பச்சிளங்குழந்தை? எந்த வீட்டில் வலி கண்ட தாய்? படகோட்டிக்குத் துடுப்புத் தெரியும், வீடு தெரியாது. செவிலியருக்கு வீடு தெரியும், படகு இல்லை. இருவரையும் சேர்த்து வைப்பதற்குப் பெயர்தான் திட்டம். மற்றதெல்லாம் ஓட்டம்!

புயலுக்கு முன்பே பேறுகாலம் நெருங்கிய தாய்மாரை மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் தமிழகத்திலே உண்டு. ஒடிசாக் கரையிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல வழக்கம்; நாம் மகிழ்கிறோம். வழக்கம் என்பது அலுவலரின் மனத்தைப் பொறுத்தது. விதி என்பது அலுவலர் மாறினாலும் மாறாதது. வழக்கத்தை விதியாக்குங்கள் என்கிறோம். ஆகவே நாம் கேட்பது இவை:

மாவட்ட ஆணையத்திலே செவிலியர் பிரிவுக்கு ஒரு நாற்காலி. இது முதல்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர்த் திங்கள் முடிவதற்குள், துணை நிலையந்தோறும் ஒரு பட்டியல்: பேறுகாலம் நெருங்கியவர், கைக்குழந்தை உள்ள வீடு, எழுந்து நடக்க முடியாதவர், மருந்து தவறினால் உயிர் தவறும் நிலையில் இருப்பவர். ஒரு படி ஊராட்சியில். ஒரு படி மீட்புப் பணியாளரிடம். ஆனால் நோயின் பெயர் வெளியே போகக் கூடாது. எந்த வீடு, என்ன உதவி என்பது போதும். உயிரைக் காக்கும் ஏடு மானத்தை வாங்கும் ஏடாகிவிடக் கூடாது.

கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் உள்ள துணை நிலையங்களிலே, மழைக்காலத்தில் ஓர் இடம்கூடக் காலியாக இருத்தல் ஆகாது. ஒருவரே இரண்டு நிலையங்களைப் 'பொறுப்பு' என்ற பெயரிலே சுமக்கும் அவலம் ஒழிய வேண்டும். பத்தாயிரம் பேரின் பெயரை ஒரு நெஞ்சு எப்படி நினைவில் வைக்கும்?

தாழ்ந்த இடத்திலுள்ள நிலையம் மேட்டுக்கு மாற வேண்டும். குளோரின் மாத்திரை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பேறுகாலப் பொருள்கள், கைவிளக்கு, மழைச்சட்டை ஆகியவை மழைக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலே கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தை பிழைக்கிறது. அந்தப் பொட்டலம் மாவட்டத் தலைநகரின் கிடங்கிலே பூட்டிக் கிடந்தால் யாருக்குப் பயன்?

இன்னொன்று, மறக்கக் கூடாதது. நர்சம்மாவும் அதே ஊரிலே குடியிருப்பவர். அவர் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வரும். அவருக்கும் குழந்தை உண்டு; முதிய தாய் உண்டு. தன் வீட்டுப் பாத்திரங்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டு, ஊரார் வீட்டுக் குழந்தையைத் தேடிப் போகிறார். அவர் குடும்பத்தை முதலில் பாதுகாப்பான இடம் சேர்ப்பதும், பணியிலே அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அக்குடும்பத்தைத் தாங்குவதும் அரசின் கடமை என்று எழுத்திலே இருக்க வேண்டும். 2020இல் கொரோனாக் காலத்திலே, ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, சாத்திய கதவுகளைத் தட்டிக் 'காய்ச்சல் உண்டா' என்று கேட்டு நடந்தவர்களுக்குக் கைதட்டினோம். கைதட்டல் ஓசை அடங்கிவிட்டது. எழுத்து அடங்காது!

1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1989இல் தமிழகத்திலே அது சட்டமாயிற்று. இடையே 60 ஆண்டுகள்! அத்தீர்மானத்துக்குக் கைதூக்கிய பலர், சட்டத்தைக் காணாமலே கண்மூடினர். பெண்ணுக்கு மேடையிலே மாலை போடத் தயங்காத நாடு, மேசையருகே நாற்காலி போடத் தயங்குகிறது. இன்னும் ஒரு 60 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார்களா? நாம் காத்திருக்கலாம், கடல் காத்திராது. காற்றழுத்தத் தாழ்வுநிலை கோப்பு நகரட்டும் என்று நிற்காது.

கோட்டையிலே கொலுவிருப்போர் எவராயினும், எந்தக் கொடி பறந்தாலும், நாம் சொல்வது இதுவே. ஆளத் தெரிந்தவர் பலர் அந்த ஆணையத்திலே அமர்ந்திருக்கிறீர்கள். ஊராரின் பெயர் தெரிந்த ஒருவரை உங்கள் நடுவே உட்கார வையுங்கள். அடுத்த மழை தொடங்குமுன் உட்கார வையுங்கள். மழை தொடங்கிய பிறகு நாற்காலி தேடினால், அது நீரிலே மிதந்துகொண்டிருக்கும்!